கருவாடு எண் மூன்று

கருவாட்டிலிருந்து வாசனையை எடுத்துவிட்டு, அதைச் சாப்பிட வந்த மனிதர்கள் மேல் தெளிக்கிற இடம் ஒன்று இந்த உலகத்தில் உண்டு. எங்கள் பழவேற்காட்டில், படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெயர் ‘அந்தக்காலம்’. நடத்துவது கடலோர நினைவுணவு மேம்பாட்டு வாரியம். நான் அங்கே ஒரே ஒரு தடவை சாப்பிட்டேன். நாக்கிலிருந்து அந்த ருசி போக மூன்று நாள் ஆயிற்று. மனசிலிருந்து இன்னும் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் வரதன், ஊர் கோட்டைக்குப்பம். நானும் துளசிங்கமும் ஒரே படகில் பங்குக்காரர்கள். காலையில் கரையேறியதும் எங்கள் கால்கள் தானாகப் போகிற இடம், துறையோரத்துப் பூவரச மரத்தடியில் இருந்த ஜமுனாக்காவின் கூழ்க்கடை. ஏரியில் கையாலேயே தடவித் தடவி இறால் பிடிக்கிற முனியம்மாளும் அதே நேரத்துக்கு ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு வந்து சேர்வாள். கூழ், கருவாட்டுக் குழம்பு, முனியம்மாள் கொண்டுவந்த இறாலில் ஒரு கை அள்ளிப் போட்ட தொக்கு. எங்களுக்கு ஊற்றிவிட்டு அக்காவும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு எதிரில் உட்காருவாள். நாலு பேரும் ஊர்வம்பை அங்கேதான் தீர்த்துக்கொள்வோம். இருபது வருஷமாக இதுதான் நடந்தது.

போன ஆடி மாதம் வாரியம் அந்த அடுப்பை அணைத்தது. ‘நினைவு மண்டலத்துக்குள் அனுமதியற்ற அடுப்பு’ என்று அறிவிப்பு. மரத்தடி இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அக்கா மனு போட்டாள். ஒவ்வொரு மனுவோடும் ஒரு புகைப்படம் கேட்டார்கள், ஒட்டிக் கொடுத்தாள். பதினொரு மனு ஆயிற்று. இதற்கிடையில் மகள் வைஷ்ணவியின் படிப்பு நிற்கக்கூடாதென்று, முதல் பஸ் பிடித்து மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலை கேண்டீனுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். கூழ் ஊற்றின கையில் சோப்புத்தூள் அரித்துப் புண்ணாகிவிட்டது. எங்களுக்கோ காலையில் பரோட்டாக் கடை நாஸ்டாதான்.

இந்த நிலையில் மரத்துக்கு இருபதடி தள்ளி ‘அந்தக்காலம்’ எழுந்தது. திறப்பு விழாவுக்கு எங்கள் நாலு பேருக்கும் அழைப்பு வந்தது. ‘1978ஆம் ஆண்டு மீனவர் கூழ்க்கடையின் அச்சு அசல் அனுபவம். மனதுக்கு ஆறுதல் தரும் உணவு. நண்பர்களுடன் வருக.’ கீழே பேனாவில் ஒரு வரி: ‘திருமதி ஜமுனாவின் மனு குறித்து இயக்குநர் அன்றே முடிவு தெரிவிப்பார்.’

அந்த ஒரு வரிக்காகத்தான் போனோம். அக்கா அன்றைக்கு கேண்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வெறும் வயிறு. இடம் கிடைத்துவிட்டால் அங்கேயே சந்தோஷமாகச் சாப்பிடலாம் என்று நாங்களும் ஒன்றும் தின்னாமல்தான் போனோம்.

வாசலில் மேலாளர் தேவதர்ஷினி கைகூப்பி நின்றாள். எங்களை நெருங்கியதும் மூக்கைச் சுருக்கினாள்.

“சாரி, நீங்க நிஜ வாசனையோட வந்திருக்கீங்க.”

“வேற எத்தோட வர்றது?” என்றாள் முனியம்மாள். ஏரியிலிருந்து நேராக வந்திருந்தாள்.

“இல்லம்மா, அது ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொரு மாதிரி இருக்கும். கெஸ்ட்டுங்க குழம்பிடுவாங்க. உள்ளே தரப்படுத்தின வாசனைக்கு மட்டும்தான் அனுமதி.”

எங்களைப் பின்பக்கம் அழைத்துப்போய் எலுமிச்சை சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவ வைத்தார்கள். துடைத்துக்கொண்டு வந்ததும் ஒரு ஆள் பாட்டிலோடு வந்து கழுத்திலும் கையிலும் புஸ்ஸென்று தெளித்தான். பாட்டிலில் ‘கருவாடு எண் மூன்று’ என்று ஒட்டியிருந்தது. பழைய மோட்டார் கிரீஸில் ஊதுபத்தியைக் குழைத்த மாதிரி ஒரு நெடி.

“எண் ஒண்ணு, ரெண்டு இன்னா ஆச்சு?” என்று கேட்டான் துளசிங்கம்.

“வாந்தி எடுத்தாங்க. நிறுத்திட்டோம்” என்றான் அந்த ஆள், ஒளிவுமறைவில்லாமல்.

துளசிங்கத்தின் லுங்கி 1978ஐச் சேர்ந்ததல்ல என்று அதையும் கழற்றச் சொன்னார்கள். அரசு அளவுப்படி கிழிந்த லுங்கி ஒன்று கொடுத்தார்கள். அங்கே அடுக்கியிருந்த எல்லா லுங்கியிலும் இடது முழங்காலுக்கு மேல் ஒரே இடத்தில் ஒரே நீளத்துக்குக் கிழிசல். நாற்பது வயசு மனுஷன், தன் சொந்த ஊரில், தன்னைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு நின்றான். பார்க்கச் சகிக்கவில்லை.

உள்ளே சுவருக்குப் புகைக்கரி வண்ணம் அடித்திருந்தார்கள். தரைக்கு எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து சலித்துக் கொட்டின மணல். கருவாட்டுக் கூடையின் மேல் பிளாஸ்டிக் ஈக்கள் ஒட்டியிருந்தன. ஈ இல்லாவிட்டால் மீனவர் கடை என்று யாரும் நம்புவதில்லையாம், ஆய்வு செய்திருக்கிறார்களாம். ஏரிப்பக்கத்து ஜன்னலைப் பலகை அடித்து மூடி, அதன்மேல் ஒரு ஏரியை வரைந்திருந்தார்கள்.

“ஏம்மா, தொறந்தா நெஜ ஏரியே தெரியுமே” என்றேன் மேலாளரிடம்.

“திறந்தா உங்க ஃபைபர் போட் தெரியுது சார். 1978ல ஃபைபர் போட் ஏது?”

சென்னையிலிருந்து வேனில் நாற்பது விருந்தாளிகள் வந்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரை ஒரு மூலையில் வலை பின்னுகிற மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். இயக்குநர் மோகன்குமார் மைக்கைப் பிடித்தார். நல்ல சிவந்த மேனி, சட்டையில் உப்புக்கறை அச்சடித்திருந்தது.

“நண்பர்களே, இந்த ஏரியோட தொன்மையான பாடு முறைப்படிதான் இன்னைக்கு இருக்கை ஒதுக்கப் போறோம்!”

பாடு என்றதும் மூலையில் இருந்த எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த நாள், யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துச் சீட்டுப்போட்டுப் பிரிப்போமே, அதுதான் பாடு. சீட்டு விழுந்துவிட்டால் அன்றைக்கு அந்த இடம் அவனுடையது. பெரிய தலைக்கட்டு வீட்டுப் பிள்ளையானாலும் வலையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டியதுதான். எங்களுக்குள் வெட்டுக்குத்து வரலாம், பாட்டை மீறுகிற பேச்சு வராது.

மீன்கூடையில் சீட்டு வந்தது. எங்கள் நாலு பேருக்குமாக ஜமுனாக்கா எடுத்தாள். நாலாம் எண் பெஞ்சு. சுவரோரமாக, ஒரு நீலத்திரை தொங்குகிற இடத்துக்கு நேர் கீழே. தேவதர்ஷினியின் முகம் ஒரு மாதிரி ஆனது. இயக்குநரின் காதில் ஏதோ சொல்லப் போனாள். அவர் அதற்குள் புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு வந்தது. மணியடித்தால்தான் குடிக்கவேண்டும். ஒருவன் புத்தகம் பார்த்து வாசித்தான்: “இப்போது மீனவர் முறைப்படி வலக்கையால் சொம்பை எடுத்து, உரக்க உறிஞ்சவும்.” நாற்பது பேர் உறிஞ்சினார்கள். எல்லாச் சொம்பிலும் ஒரே இடத்தில் ஒடுக்கு. கூழில் சர்க்கரை போட்டு, மேலே ஏதோ நுரை பொங்க வைத்திருந்தார்கள். ஒரு வாய் உள்ளே போனதும் எனக்குக் குமட்டியது. கருவாடு வெளுத்துப்போய், நனைந்த அட்டை மாதிரி இருந்தது. வாசனையை முழுக்க எடுத்துவிட்டார்களாம், விருந்தாளிகள் கையில் ஒட்டக்கூடாதாம். அந்த வாசனைதான் எங்கள் கழுத்தில் எரிந்துகொண்டிருந்தது.

முனியம்மாள் ஒரு இறாலை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கடியில் சேற்றில் தடவிப் பிடிக்கிறவள், அவளுக்கு விரல்தான் கண்.

“ஐயே, இது ஏரியே பாத்ததில்ல. ஐஸ்பொட்டியிலயே பொறந்து பொட்டியிலயே செத்துருக்குது” என்று தட்டை ஒதுக்கினாள். “பின்னாடி பத்தடி எறங்குனா நான் ஒரு பறி நெறைய அள்ளிட்டு வருவேனே?”

“ஏரி இறால் எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கறது இல்லம்மா” என்றாள் தேவதர்ஷினி. “கெஸ்ட் பக்கத்துத் தட்டைப் பாத்து வருத்தப்படுவாங்க.”

பக்கத்துப் பெஞ்சில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “எவ்ளோ ஒரிஜினலா இருக்கு! இந்த மனுஷங்கள்லாம் இப்ப எங்க போனாங்களோ!” என்றாள். நான் அவளுக்கு ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

ஜமுனாக்கா மட்டும் எதையும் தொடவில்லை. இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்தார்.

“பெரியோர்களே, இந்த உணவகம் சுலபமாக வந்துவிடவில்லை. மூன்று ஆண்டு இந்தக் கரை முழுக்க அலைந்தோம். எங்கே போனாலும் ஒரே சிக்கல். மக்கள் கூழ் குடித்துக்கொண்டே இருந்தார்கள்! வாரியத்தின் விதி பதினொன்று என்ன சொல்கிறது? நடப்பில் உள்ள எதுவும் பாரம்பரியம் ஆகாது. தினமும் குடித்தால் அது வெறும் சாப்பாடு. குடிப்பது நின்றால்தான் அது நினைவு. ஆகவே, முதல் கட்டமாக, நிறுத்தினோம்!”

கைதட்டினார்கள். உண்மையாகவே கைதட்டினார்கள்.

“இரண்டாம் கட்டம், மீட்பு. நின்றுபோன அந்தச் சுவையை வல்லுநர் குழு ஆய்வுக்கூடத்தில் மீட்டெடுத்தது. இந்த மீட்பின் மூலவருக்கு வாரியம் நன்றி மறவாமல் செலுத்தும் அஞ்சலி இதோ!”

கயிற்றை இழுத்தார். நீலத்திரை விலகியது.

ஆளுயரத்துக்கு ஜமுனாக்கா. பதினோராவது மனுவில் ஒட்டின படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். மனுவில் அடித்த ஊதா சீலின் பாதியும் கூடவே பெரிதாகி, இடது கன்னத்தில் பிறைபோல் கிடந்தது. படத்துக்குச் சந்தன மாலை. நெற்றியில் குங்குமம். கீழே ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. அதற்கும் கீழே எழுத்து: ‘அமரர் ஜமுனா அம்மாள். 2003 – 2024.’ கடை திறந்த வருஷமும் மூடின வருஷமும்.

அதற்கு நேர் கீழே, பெஞ்சில், மாம்பழக் கலர் புடவையில் ஜமுனாக்கா உட்கார்ந்திருந்தாள். கூடம் முழுக்க மேலே பார்த்தது, கீழே பார்த்தது, திரும்ப மேலே பார்த்தது.

“அடப்பாவிங்களா! உசுரோட கீறவளுக்கு மாலையா?” என்று முனியம்மாள் எழுந்து, அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள்.

அக்கா திரும்பி அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய படம் அதுவரை யாரும் போட்டதில்லை.

இயக்குநர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவந்தார். “அம்மா, நீங்க அந்த ஏழாம் நம்பர் பெஞ்சுக்கு மாறிக்கங்க. படமும் ஆளும் ஒரே இடத்துல இருந்தா நல்லா இல்ல.”

அக்கா எழப்போனாள். துளசிங்கம் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். “குந்துக்கா. பாடு வுழுந்த எடம்.”

“அட, அது சும்மா ஒரு அடையாளத்துக்கு...”

மூலையில் வலை பின்னுகிற மாதிரி உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். “பாட்டுல இன்னா சார் சும்மா? நீதான மைக்ல சொன்ன? வுழுந்தா வுழுந்ததுதான். அக்கா எதுக்கு எந்திரிக்கணும்? வோணும்னா படத்த எடு.”

படத்தை எடுக்க முடியாது, சுவரோடு பதித்துவிட்டார்கள். ஆளையும் எழுப்ப முடியவில்லை. நாற்பது விருந்தாளிகளும் கைப்பேசியைத் தூக்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இயக்குநர் விளக்கம் சொல்லத் தொடங்கினார். மைக் அணைக்கப்படவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கடை மூடினதுக்குப் பதிவு இருக்கு. ஆனா கடைக்காரர் இருந்தா திரும்பத் திறந்துடுவாரே, அப்புறம் இது எப்படி நினைவுணவு ஆகும்னு தணிக்கையில கேட்டாங்க. அதனால பதிவேட்டுல அமரர்னு போட்டு முடிச்சுட்டோம். ஒரு வார்த்தைதானே? எவ்ளோ மரியாதையான வார்த்தை!”

“அப்போ என் மனு?” என்றாள் அக்கா.

“மனு போட்டவரே இல்லையேம்மா. இல்லாதவர் மனு மேல எப்படி உத்தரவு போடறது? ஒரு வகையில உங்க பதினொரு மனுவும் ஒரே நாள்ல தீர்ந்துடுச்சு.”

“நான் உசுரோட கீறேன்னு எழுதிக் குடுத்தா?”

“அதுக்கும் மனுதான் போடணும்” என்று இயக்குநர் மெய்யாகவே வருத்தப்பட்டார். “அமரர்கள்கிட்டேர்ந்து மனு வாங்க எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா.”

அக்கா மேசைமேல் இருந்த விழா மலரை எடுத்தாள். அட்டையில் அதே படம், அதே மாலை, அதே அமரர். ஐயாயிரம் பிரதி அச்சடித்திருக்கிறார்களாம். எட்டாங்கிளாஸ் படித்தவள், விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். பிறகு அதை இயக்குநரிடம் நீட்டினாள்.

“சார், இத்துல ஒரு கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருமாதிப் பத்திரிகையில் யாராவது கையெழுத்து வாங்குவார்களா? இயக்குநருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. “முதல் பிரதி மூலவருக்கே!” என்று மைக்கில் சொல்லிவிட்டு, ‘அமரர் ஜமுனா அம்மாள் நினைவாக’ என்று எழுதி, தேதி போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார். மறுபடியும் கைதட்டல்.

வெளியே வந்ததும் கத்தினேன். “உனுக்கு சூடு சொரண இல்லயாக்கா? செத்துட்டன்னு எழுதறான், நீ சீல் வச்சுக் குடுன்ற?”

“கத்தாத வரதா, பசிக்குது” என்றாள் அக்கா. “வூட்ல பழையது கீது, வாங்க.”

விருந்துக்குப் போய்விட்டு வந்த நாலு பேரும் அவள் வீட்டில் போய்ப் பழையது தின்றோம். அவள் அந்த மலரைத் துணிப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது.

நாலாம் நாள் காலை கரையேறும்போதே புகை வாசனை வந்தது. பூவரச மரத்தடியில் அடுப்பு எரிந்தது. ஜமுனாக்கா மீஞ்சூர் பஸ்ஸை விட்டுவிட்டுக் கூழ் துழாவிக்கொண்டிருந்தாள். மரத்தில் ஆணி அடித்து விழா மலரை மாட்டி, அதற்கு ஒரு முழம் கனகாம்பரமும் சாத்தியிருந்தாள். முனியம்மாள் பறிக்கூடையைக் கவிழ்த்து இறாலைக் கொட்டினாள். பெரிசும் சிறிசுமாகத் துள்ளின.

“இன்னாக்கா இது, வாரியத்துக்காரன் வருவானே” என்றேன்.

“வரட்டும். நீ குந்து.”

நாங்கள் இரண்டாவது சொம்பு குடிக்கும்போது வந்தான் என்று சொல்லக்கூடாது, வந்தார். வாரியத்தின் அறிவிப்பு கொடுக்கிற கங்காதரன். சைக்கிளை நிறுத்திவிட்டுக் காகிதத்தை எடுத்தார்.

“ஜமுனா யாரு? அனுமதியில்லாத அடுப்பு. நோட்டீஸ்.”

அக்கா அகப்பையால் மரத்தைக் காட்டினாள். “அந்தப் பொம்பள செத்துட்டா நைனா. மால போட்டதே உங்க ஆபீசுதான்.”

கங்காதரன் மலரின் கிட்டே போய்ப் படித்தார். சீலைத் தடவிப் பார்த்தார். ஆபீசுக்குப் போன் போட்டார். “ஆமா சார்... அமரர்னுதான் கீது... சீல் நம்ம சீல்தான் சார்... இயக்குநர் கையெழுத்து... சரி சார், பதிவேட்டப் பாருங்க... அதுலயும் அமரரா?” என்று கேட்டுக்கொண்டே போனை மூடினார். எங்களைப் பார்த்தார்.

“அப்போ இந்தக் கடைய யாரு நடத்துறது?”

“எந்தக் கட?” என்றாள் முனியம்மாள். “அது மூடி ஒரு வருசம் ஆவுதே. உங்க புக்குலயே கீதே.”

கங்காதரன் தலையைச் சொறிந்தார். குழம்பு கொதிக்கிற வாசனை, எண் எதுவும் போடாத வாசனை, நேராக அவர் முகத்தில் அடித்தது. அக்கா ஒரு சொம்பு கூழை நீட்டினாள். அவர் உட்கார்ந்தார். பாதி குடித்ததும் தொடைமேல் காகிதத்தை வைத்து எழுதினார்: ‘மேற்படி நபர் காலமாகிவிட்டபடியால் அறிவிப்பு கொடுக்க இயலவில்லை. மேற்படி கடை மூடப்பட்டுள்ளது.’

“சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்” என்றார். “செத்தவங்கள நல்லாத் தெரிஞ்ச உள்ளூர் ஆளா இருக்கணும்.”

எங்கள் மூன்று பேர் கையிலும் குழம்பு. ஜமுனாக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். புண் ஆறத் தொடங்கியிருந்த விரலால், மூன்று எழுத்தையும் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: ஜமுனா. கீழே, பூவரச மரத்தடி, படகுத்துறை என்று விலாசமும் போட்டாள்.

கங்காதரன் பெயரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மிச்சக் கூழைக் குடித்து முடித்தார். பிறகு பையிலிருந்து சீலை எடுத்து அதன்மேல் குத்தினார்.